கூட்டிய வளவில் ஒரு மலைக்கொடி

விளக்குமாற்றுத் தடியின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனை யோகத்தின் கையில். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாவிப் பக்கத்திலிருந்து சேற்று மணத்தோடு காற்று வந்துகொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய புருசனும் பெண்சாதியும் ஒரு விளக்குமாற்றுக்காக முற்றத்தில் இழுபறிப்படுவதை அடுத்த வீட்டு வளவு நாயைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

"விடுங்க," என்றாள் யோகம்.

"விடமாட்டன். இது மூணாந்தரம். வேரெல்லாம் வெளியில கிடக்கு, பார்."

"குப்பை கிடந்திச்சு, கூட்டினன்."

"அது குப்பையில்ல. நான் போட்ட சருகு."

"அப்ப சருகெண்டா என்ன?"

முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக உத்தியோகம் பார்த்தவன் நான். உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டைகளிலும் மேட்டுநிலத் தோட்டங்களிலும் மோட்டார் சைக்கிளில் அலைந்து, சருகைக் கொளுத்தாதீர்கள், வேரடியில் போர்வையாகப் போடுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னவன். அவர்களில் பாதிப் பேராவது கேட்டார்கள். என் வீட்டுக்காரி மட்டும் கேட்கவில்லை.

இந்தப் பத்தியில் ஊரைப் பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டைப் பற்றி ஏன் ஒன்றுமே எழுதுவதில்லை என்று வாகரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதக்கூடாது என்றில்லை. எழுதத் தொடங்கினால் இந்தக் காலை நேரத்தை எழுதாமல் தப்ப முடியாது என்று தெரியும். அதனால்தான் வாரா வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் யோகத்திடமே கேட்டேன். "நடந்ததத்தானே எழுதப் போறீங்க, எழுதுங்க," என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

வாளியில் வந்தது

சண்டைக்குக் காரணம் ஒரு கொடி. கிளெமாட்டிஸ் என்று பெயர். குளிர்ப் பிரதேசத்துப் பூங்கொடி. நுவரெலியாவில் மதில்களில் ஏறிப் படர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் பூக்கும். எங்கள் கல்லடிக் கடற்கரை மணலில் அதை வைத்துப் பார்க்கலாம் என்று புத்தி தெளிந்த எவனும் நினைக்கமாட்டான்.

மாரி மழை ஓய்ந்த கையோடு ஒரு பின்னேரம், பதுளைப் பாதையால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் வாளியை இறக்கித் தந்தார். வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு. மேலே ஒரு பழைய நுளம்பு வலை. "ஐயா, பாதி வழி இத மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் சாயுது," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

வாளிப் பிடியில் ஒரு அட்டை கட்டியிருந்தது. என் மகள் தர்சினியின் குண்டுக் கையெழுத்து. "அப்பாவுக்கும் அம்மாவுக்கும்" என்று எழுதியிருந்தாள். 'அம்மாவுக்கும்' என்ற சொல் கொஞ்சம் சிறியதாக, பிறகு யோசித்துச் சேர்த்ததுபோல இருந்தது.

பஸ் நிலையத்தில் நின்றே அழுதுவிட்டேன். வயது போகப் போகக் கண்ணுக்கு வெட்கம் இல்லாமல் போய்விடுகிறது.

வீட்டில் யோகம் வாளியைப் பார்த்தாள். அட்டையைப் படித்தாள். "தண்ணி ஊத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்கு முந்திய மூன்று வருடங்களில் தர்சினியிடமிருந்து வந்த எதையும் அவள் வீட்டுக்குள் எடுத்ததில்லை. சீலை வந்தது, பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். தேயிலை வந்தது, கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்தாள். இந்தக் கொடியை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நிமிடம் நான் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இந்தக் கொடி பிழைத்தால் தாயும் மகளும் பேசிக்கொள்வார்கள். படித்த மனிதன் நினைக்கிற நினைப்பா இது என்று கேட்காதீர்கள். பெற்றவனாக இருந்து பாருங்கள், இதைவிட மோசமாக நினைப்பீர்கள்.

பூட்டிய வீடு

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர் வாசகர்கள் சிலருக்குப் புதிதாக இருக்கும். இங்கே கல்யாணம் முடிந்து பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. புருசன்தான் பெண் வீட்டுக்கு வருவான். நானும் ஒரு தகரப் பெட்டியோடு யோகத்தின் தாய் வளவுக்குள் வந்து சேர்ந்தவன்தான். பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அத்திவாரம் வெட்டினோம். ஒரு வருடம் சுவர், இன்னொரு வருடம் கூரை என்று மெல்ல மெல்ல எழுந்த வீடு அது. சன்னலுக்குப் பச்சைப் பூச்சுத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் தர்சினி.

படித்து முடித்து, நுவரெலியாவில் ஆசிரியை நியமனம் கிடைத்துப் போனாள். அங்கே ராஜ்குமாரைக் கண்டாள். பூங்கன்றுகள் வளர்த்து விற்கும் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறவர். நல்ல பிள்ளை. யோகம் அவரை வேண்டாம் என்று சொல்லவேயில்லை. மலைநாட்டுக்காரர் என்றோ வேறு எது என்றோ ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

"ஆர் எண்டாலும் காரியமில்ல. இஞ்ச வந்து இரிக்கச் சொல்லு," என்பதுதான் அவள் கேட்ட ஒரே விசயம்.

அது அவரால் முடியவில்லை. படுக்கையில் கிடந்த தாயை விட்டுவிட்டு வர முடியாது என்றார். அப்படியானால் நான் அங்கே போகிறேன் என்றாள் தர்சினி. யோகத்துக்கு அது விளங்கவே இல்லை. வீடு கட்டி வைத்திருக்கப் பெண் பிள்ளை வெளியே போவதா? அவள் பிறந்த நாளிலிருந்து கேள்விப்படாத காரியம் அது.

பதிவாளரிடம் கல்யாணத்தை எழுதிவிட்டு ஒருநாள் தர்சினி தன் உடுப்புகளையும் புத்தகங்களையும் எடுக்க வந்தாள். தாயும் மகளும் அரை மணி நேரம் பேசினார்கள். கத்தினார்கள் என்று சொல்வதே சரி. கடைசியில் யோகம், "போறதெண்டா போ," என்றாள். தர்சினி போனாள்.

அடுத்து நடந்ததைத்தான் நான் மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் பயணம் புறப்பட்டால் அவர் போய்ச் சேரும்வரை, குறைந்தது தெருவைத் தாண்டும்வரையாவது, விளக்குமாற்றைத் தொடமாட்டோம். ஆள் போன கையோடு கூட்டுவது ஒரு நாளில் மட்டும்தான். பிரேதம் வீட்டை விட்டு வெளியேறும் நாளில். தர்சினியின் ஓட்டோ இன்னும் சந்தி திரும்பவில்லை. யோகம் விளக்குமாற்றை எடுத்து, கதவடியிலிருந்து தெருப் படலை வரைக்கும் கூட்டினாள்.

ஓட்டோவின் பின்பக்கத்தால் தர்சினி அதைப் பார்த்திருக்கிறாள்.

கத்தரிக்காய் சுகமா?

மகளோடு தொலைபேசியில் பேசுவதற்கு நான் பழைய பாலத்தடிக்குப் போவேன். வாவியோரம் காற்று நன்றாக வரும், காதும் கேட்கும். வீட்டில் கத்தரிக்காய் வாங்கப் போவதாகச் சொல்வேன். திரும்பி வந்தால் யோகம் பையைப் பார்க்காமலே, "கத்தரிக்காய் சுகமா இரிக்கா?" என்று கேட்பாள். "ஓம், சுகம்," என்பேன். "இருமல் மாறிட்டா?" என்பாள். "மாறிட்டு." அவ்வளவுதான். மூன்று வருடமும் எங்கள் வீட்டில் மகளின் பெயர் கத்தரிக்காய்.

சிரிப்பாக எழுதுகிறேன். அந்த நாட்களில் சிரிப்பு வரவில்லை.

"அம்மா எனக்குப் புறகால கூட்டினவ, என்னப்பா? நான் பாத்தன்," என்று தர்சினி ஒருநாள் கேட்டாள். இல்லை என்று பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "அம்மாவா ஒருக்காக் கூப்பிடட்டும். அண்டைக்கு வாறன்," என்றாள். இந்தப் பக்கம் யோகம் கூப்பிடவில்லை. இரண்டு பேரில் ஒருவரும் இறங்கி வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு மனுசி இறந்து, அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து பெட்டி மூடிய பிறகு வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று பயந்தேன்.

வலையில் ஏறியது

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்த வாளி வந்தது. என்ன பாடுபட்டாவது அதைப் பிழைக்கவைக்க வேண்டும் என்று நின்றேன். ராஜ்குமாரிடம் தொலைபேசியில் பாடம் கேட்டேன். முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பாடம் சொன்னவன் மருமகனிடம் கொப்பியும் பேனாவுமாக இருந்தேன்.

"கொடி மேல வெயில் படணும் மாமா. ஆனா அடியில நெழல் வேணும். வேரு சூடாயிருச்சுன்னா போச்சு," என்றார். "நல்லா ஆழமா வைங்க. அடித்தண்டுல ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகட்டும்."

மகளுக்குக் கட்டிய வீட்டின் கிழக்குச் சுவரைத் தெரிவு செய்தேன். காலை வெயில் விழும், மத்தியானத்துக்குப் பிறகு சுவரே நிழல் தரும். பச்சைச் சன்னலுக்கு நேர் கீழே முழங்கை ஆழத்துக்கு மேல் குழி வெட்டினேன். கடல் மணலை அள்ளி எறிந்துவிட்டு, வயல் மண்ணும் மக்கிய மாட்டெருவும் இலைமக்கும் நிரப்பினேன். வேரடியில் தென்னந்தும்பும் சருகும் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன்.

இந்தக் கொடிக்குச் சுருள் கம்பிபோல் பற்றும் நூல் கிடையாது. இலைக்காம்புதான் வளைந்து பிடித்துக்கொள்ளும். அதனால் தடித்த கம்பு நட்டால் ஏறத் தெரியாமல் விழுந்துவிடும். யோசித்துப் பார்த்து, பக்கத்து வளவுக்காரரிடம் கிழிந்த மீன் வலை ஒன்றை வாங்கி, சன்னல் ஓரமாகச் சுவரில் கட்டினேன். மூன்றாம் நாள் ஒரு இலைக்காம்பு வலைக்கண்ணைச் சுற்றிக்கொண்டதைப் பார்த்தபோது யோகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "கைப்புள்ள விரலப் புடிக்கிற மாதிரி," என்றாள். பிறகு சொன்னதற்காக வருத்தப்பட்டவள்போல அடுப்படிக்குப் போனாள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கொடியின் உறவுக்காரி ஒருத்தி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறாள். உன்னிச்சைக் குளத்துக்கு மேலே காட்டோரத்தில், மரங்களில் ஏறிக் கிடக்கும். சிங்களத்தில் நரவெல் என்பார்கள். விதை பழுத்தால் வெள்ளைப் பஞ்சு வால் முளைத்துப் பறக்கும். வேலி கட்ட அந்தக் கொடியை அறுத்துக்கொண்டு வந்த ஒரு விவசாயி, இதன் வேரைக் கசக்கி மணந்தால் தலையிடி போகும் என்று என் மூக்கருகில் பிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, தும்மல் வந்தது, தலையிடி போன மாதிரியும் இருந்தது. அந்தக் கொடி வெயிலில் கிடந்து பழகியது. மலையிலிருந்து வந்தவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பங்குனி வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடி சன்னலின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கி, வேரடிச் சருகைச் சன்னலடி மணல் முழுக்க இறைத்தது. எங்கள் கச்சானைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காயப்போட்ட துணி பத்து நிமிடத்தில் அப்பளமாகும். இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. வேரடியைப் பார்த்தால் சருகு இல்லை. தும்பு இல்லை. வெறும் மண். அதன்மேல் விளக்குமாற்றின் விசிறிக் கோடுகள்.

மறுபடி போட்டேன். மறுநாள் கூட்டியிருந்தது. மறுபடி போட்டேன். மூன்றாம் நாள் விடிய எழும்பிக் காத்திருந்துதான் விளக்குமாற்றைப் பிடித்தேன்.

தடியை விட்ட பிறகு

"நீ வேணுமெண்டுதான் செய்யிறாய்," என்றேன். சொல்லக்கூடாது என்று மூன்று வருடம் பூட்டி வைத்திருந்ததும் அதோடு வெளியே வந்துவிட்டது. "புள்ள போன அண்டைக்கும் கூட்டினாய். பிரேதம் போன வீடு மாதிரி. அவளும் பாத்தாள், தெரியுமா உனக்கு? இப்ப அவள் அனுப்பின கொடியையும் கூட்டிக் கூட்டிக் கொல்லுறாய்."

யோகம் தடியை விட்டாள். நான் இழுத்த வேகத்தில் பின்னால் இரண்டடி போய் நின்றேன். அவள் மகளின் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள்.

"அவள் பாத்தாளா?"

"ஓம்."

படியில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"காலடி கிடந்திச்சு. இந்தக் கதவடியில இருந்து படலை மட்டும் அவள்ட செருப்படி. ஆள் இல்ல, அடி மட்டும் கிடக்கு. அதப் பாத்துக்கிட்டு எப்பிடி இரிக்கிற? எனக்கு ஏலாமப் போச்சு. கூட்டிட்டன். பிரேதமும் சாத்திரமும் அந்த நேரம் எனக்கு ஞாபகத்தில வரல்ல. மெய்யாத்தான் சொல்லுறன்."

என் உத்தியோக புத்தி விடவில்லை. "சரி, அது அண்டைக்கு. இப்ப ஏன் ஒவ்வொரு நாளும் இந்த இடத்தக் கூட்டுறாய்?"

"கூட்டி வெச்சாத்தானே ஆர் வந்தது எண்டு தெரியும்?"

"ஆர் வாற?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு காலம் கூட இருந்தும் இது தெரியாத மனிசனா என்று கேட்கிற பார்வை.

"நாம கோயிலுக்குப் போறம். ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போறம். அந்த நேரம் பாத்து அவள் வந்து, பூட்டிக் கிடக்கெண்டு திரும்பிப் போனா? ரோசக்காரி, பக்கத்து வீட்டில சொல்லிட்டுப் போகவும் மாட்டாள். வந்தா முதல்ல இந்தச் சன்னலுக்குள்ளாலதான் எட்டிப் பாப்பாள். கூட்டின மணலெண்டா காலடியாவது கிடக்கும். உங்கட சருகுக்கு மேல நிண்டுட்டுப் போனா எனக்கு எப்பிடித் தெரியும்?"

வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் யோகம் படலையைத் திறந்ததும் உள்ளே போகாமல் ஒரு நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்று வருடமாக நிற்கிறாள். என்ன, பாம்புத் தடம் பார்க்கிறாயா என்று நான் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மண்ணைப் படித்தவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தக் காலையில் எனக்கு என்மேல் வந்த வெறுப்பை எழுதி முடியாது.

விளக்குமாற்றை அவளிடம் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் அவளே வீட்டின் பின்னால் கோடிப்புறத்தில் அடுக்கிக் கிடந்த பழைய கூரை ஓடுகளில் நாலைந்தைச் சுமந்து வந்து, சருகுக்குப் பதிலாக வேரடியில் பரப்பினாள். "இதுக்கு மேலால கூட்டலாம். வேருக்கும் நிழல்," என்றாள். ராஜ்குமாரிடம் சொன்னபோது, அவர்களும் அங்கே அப்படிக் கல் வைப்பதுண்டு என்றார். போதனாசிரியருக்கு அது தோன்றவில்லை.

நகத்தால் சுரண்டியது

ஓடு வைத்தது பிந்திவிட்டது. நுனிகள் கறுத்துத் தொங்கின. கொடி நாளுக்கு நாள் மேலிருந்து கீழாகக் காய்ந்து வந்தது. "அடியில ஒரு சாண் விட்டு வெட்டிருங்க மாமா. வேர்ல உசுரு இருந்தா மறுபடி துளிர்க்கும். அவசரப்படாதீங்க," என்றார் ராஜ்குமார். வெட்டினேன்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றும் வேலையை யோகம் எடுத்துக்கொண்டாள். காலையில் கிணற்றிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்து, ஓடுகளுக்கு நடுவில் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். ஒரு மாதத்துக்கு மேல் ஊற்றினாள். அந்தக் குச்சியில் ஒரு புள்ளி பச்சை வரவில்லை. நான் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். நான் போட்ட முடிச்சு எனக்குத்தானே தெரியும்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருந்தேன். யோகம் வளவுக்குள்ளிருந்து வந்தாள். நகக்கண்ணில் கபில நிறத் தூள் இருந்தது. பட்டையைச் சுரண்டிப் பார்த்திருக்கிறாள். உள்ளே பச்சை இருந்தால் உயிர், இல்லாவிட்டால் இல்லை. என்னிடம் கற்றுக்கொண்ட ஒரே விவசாயப் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"போச்சு," என்றாள். பிறகு என் கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அவளுக்கு எடுங்க."

"ஆருக்கு?"

"கத்தரிக்காய்க்கு."

எடுத்துக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டிவைக்க மறக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே தர்சினி எடுத்தாள்.

"சொல்லுங்கப்பா."

"அப்பா இல்ல," என்றாள் யோகம்.

மறுபக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இரைச்சல் இல்லை.

"நீ அனுப்பின கொடி பட்டுப் போச்சு," என்றாள் யோகம். "அப்பாவில பிழையில்ல. அவர் நல்லாத்தான் பாத்தவர். நான்தான் கூட்டிக் கூட்டி வேர வெளியில எடுத்துப் போட்டன்."

"பரவாயில்லம்மா," என்றாள் தர்சினி. "இஞ்ச கன்று இரிக்கு. இன்னொண்டு அனுப்பவா?"

யோகம் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அனுப்ப வேணாம்," என்றாள். "கொண்டு வா."

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து நான் கையை நீட்டினேன். யோகம் தரவில்லை. பிறகு தர்சினி கேட்டாள். சின்ன வயதில் ஏச்சு வாங்கிவிட்டுக் கதவோரம் நின்று பேசுவாளே, அந்தக் குரல்.

"வந்தா... திரும்பிப் போகக்குள்ள மறுகாவும் கூட்டுவீங்களாம்மா?"

"கூட்டமாட்டன்," என்றாள் யோகம். "உன்ட காலடி தானா அழியுமட்டும் கிடக்கட்டும்."